மேற்கிந்தியச் சமணச் செப்புப் படிமங்களைப் படிப்பது எப்படி: முதுகிலிருந்து தொடங்குங்கள்

குஜராத், ராஜஸ்தான் பக்கத்துச் சமணக் கோயில்களுக்கோ மும்பை, வடோதரா அருங்காட்சியகங்களுக்கோ போகிறவர்கள் சின்னச் சின்னப் பித்தளைப் படிமங்களை வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒருவர் அமர்ந்திருப்பார், சுற்றிலும் நெருக்கமாகச் சிறு உருவங்கள், தலைக்கு மேல் முக்குடை. எல்லாம் ஒரே மாதிரி தோன்றும். அவற்றில் இருப்பவர் யார், எந்த ஆண்டில் செய்தது, யார் செய்வித்தது என்று நீங்களே கண்டுபிடிக்க இந்த வழிமுறை. ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான தவறுகள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதால்தான் வருகின்றன.

1. போவதற்கு முன்: நேரமும் கையில் எடுக்க வேண்டியதும்

வழிபாட்டில் இருக்கும் படிமத்தைப் பார்க்க ஏற்ற நேரம் காலை அபிஷேகம் (அங்கே ‘பக்ஷால்’ என்பார்கள்) முடிந்து துடைத்த உடனே, சந்தனமும் பூவும் சாத்துவதற்கு முன். அந்த இடைவெளி குறுகியது. அதைத் தவறவிட்டால் பீடத்தில் உள்ள அடையாளம் பூவுக்கு அடியில் போய்விடும். ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும் பர்யுஷண நோன்பு நாட்களில் போகாதீர்கள். கூட்டத்தில் யாருக்கும் உங்களுக்குப் படிமத்தைத் திருப்பிக் காட்ட நேரம் இருக்காது. ஆனால் மழைக்கால நான்கு மாதங்களில் துறவிகள் ஒரே ஊரில் தங்குவார்கள். பழைய நாகரி எழுத்தைச் சரளமாகப் படிக்கும் துறவி ஒருவர் கிடைத்தால் உங்கள் வேலை பாதியாகும்.

கையில் இருக்க வேண்டியவை: பக்கவாட்டு வெளிச்சத்துக்கு ஒரு சிறு டார்ச், துணி அல்லது பிளாஸ்டிக் அளவுநாடா (இரும்பு நாடா கீறும்), பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், குறிப்பேடு, பென்சில். எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடியும். தோல் பெல்ட், தோல் பர்ஸ், தோல் வார் போட்ட கைக்கடிகாரம், கேமரா வார் எதுவும் வேண்டாம். புதியவர்கள் வாசலிலேயே தடுக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். படிமத்தை நீங்கள் தொடக்கூடாது. குளித்து, பூஜை உடை உடுத்தி, வாயைத் துணியால் மூடியவர்தான் தொடுவார். அவரிடம் ‘முதுகுப் பக்கம் திருப்பிக் காட்ட முடியுமா’ என்று கேளுங்கள். ஒளிப்படம் எடுக்க அறக்கட்டளை அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி அடுத்த ஆள் வந்ததும் காணாமல் போகும்.

2. சமணப் படிமம்தானா?

தீர்த்தங்கரருக்கு (சமணர் வணங்கும் இருபத்து நான்கு அருகர்களில் ஒருவர்) இரண்டே நிலைகள்: கைகளைத் தொங்கவிட்டு நிற்பது (காயோத்சர்க்கம்), மடிமேல் கைவைத்துத் தியானத்தில் அமர்வது. அபயம் காட்டினாலோ பூமியைத் தொட்டாலோ அவர் தீர்த்தங்கரர் இல்லை. வட, மேற்கு இந்தியப் படிமங்களில் மார்பின் நடுவே ஸ்ரீவத்சம் என்னும் மங்கலக் குறி சாய்சதுரமாக இருக்கும். உடலை மூடிய துவராடை இருந்தால் புத்தர். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கிரீடமும் நகைகளும் அணிந்து காயோத்சர்க்கத்தில் நிற்பவரைப் பார்த்தால் அரசன் என்றோ திருமால் என்றோ எழுதிவிடாதீர்கள். துறவுக்கு முன், அரண்மனையில் இருந்தபடியே தவம் செய்த மகாவீரர் அவர், ‘ஜீவந்தசாமி’ என்பார்கள். வடோதரா அருகே அகோட்டாவில் 1951இல் கிடைத்த குவியலில் இருந்த 6ஆம் நூற்றாண்டு ஜீவந்தசாமி இவ்வகையில் புகழ்பெற்றது.

3. தலைகளை எண்ணுங்கள்

நடுவில் இருப்பவரையும் சேர்த்து எத்தனை தீர்த்தங்கரர்கள் என்று எண்ணினால் படிமத்தின் வகை தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் என்றால் ஏகதீர்த்தி, மூவர் திரிதீர்த்தி, ஐவர் பஞ்சதீர்த்தி, இருபத்து நால்வரும் இருந்தால் சௌவீசி, அதாவது சதுர்விம்சதி பட்டம். பஞ்சதீர்த்தியில் வழக்கமான அமைப்பு இது: நடுவில் அமர்ந்தவர், அவருக்கு இரு பக்கமும் நிற்கும் இருவர், அவர்களுக்கு மேலே அமர்ந்த இருவர். இந்த வகை பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கும். வீட்டு வழிபாட்டுக்கும் நேர்த்திக்கடனுக்கும் செய்யப்பட்டது.

எண்ணும்போது சாமரம் வீசுபவர்களைத் தீர்த்தங்கரர் கணக்கில் சேர்த்துவிடுவது வழக்கமான பிழை. அவர்களுக்கு ஒரு கை உயர்ந்திருக்கும், இடுப்பில் ஒரு வளைவு இருக்கும். தீர்த்தங்கரர் உடலில் எந்த வளைவும் வராது, நேர்க்கோடு.

4. முதுகைப் படியுங்கள்

இதுதான் மொத்த வேலையின் நடு. மேற்கிந்தியப் படிமங்களில், குறிப்பாக எண்ணிக்கையில் மிக அதிகமாகக் கிடைக்கும் 15, 16ஆம் நூற்றாண்டுப் படிமங்களில், முதுகில் நாகரி எழுத்தில் சில வரிகள் வெட்டப்பட்டிருக்கும். முன்பக்கம் கையால் தேய்ந்து முகமே மழுங்கிப் போயிருந்தாலும் முதுகு பிழைத்திருக்கும். மை தடவிப் படி எடுக்காதீர்கள், மாவு, சுண்ணப்பொடி பூசாதீர்கள். டார்ச்சை எழுத்துக்குச் சாய்வாக, நான்கு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி அடித்து நான்கு படங்கள் எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் தெரியும். மூன்று, நான்கு வரிப் பொறிப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மொழி குஜராத்தி வாடை அடிக்கும் சமஸ்கிருதம். இலக்கணம் பார்க்காதீர்கள், வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய மாறாது.

முதலில் ‘சம்வத்’ அல்லது ‘சம்’, பிறகு எண், பிறகு ‘வர்ஷே’. அடுத்து மாதம், ‘சுதி’ (வளர்பிறை) அல்லது ‘வதி’ (தேய்பிறை), திதி எண், கிழமை. கிழமை வேற்றுமை உருபோடு வரும்: ரவௌ, சோமே, புதே, குரௌ, சுக்ரே, சனௌ. செவ்வாய் ‘பௌமே’ என்று வரும்.

அடுத்து சாதி: ‘ஸ்ரீமால ஞாதீய’, ‘பிராக்வாட ஞாதீய’ (இன்றைய போர்வாட்), ‘உகேச’ அல்லது ‘ஓச’ (ஓசவால்). பிறகு குடும்பம். இங்கே சுருக்கெழுத்துகள் குவியும். ‘ஸ்ரே’ என்றால் சிரேஷ்டி, வணிகர். ‘சா’ என்றால் சாஹ, ‘வ்ய’ என்றால் வியவஹாரி. இரண்டும் வணிகர் பட்டங்களே. ‘பா’ மனைவி (பார்யா), ‘பு’ மகன் (புத்ர), சில இடங்களில் ‘சுத’. ‘தே’ என்று முடியும் பெயர் பெண்ணுடையது. இந்தச் சுருக்கங்களைப் பெயரின் பகுதியாகச் சேர்த்துப் படித்து ‘பாரூபாதே’ என்று ஒரு பெண்ணை உருவாக்கிவிடுவார்கள்; அவள் ரூபாதே, முன்னால் நிற்கும் ‘பா’ மனைவி என்பதற்கான குறி.

அடுத்து நோக்கம். ‘ஆத்ம ஸ்ரேயஸே’ என்றால் தன் நலனுக்கு. ‘பித்ரு மாத்ரு ஸ்ரேயஸே’ என்றால் தாய் தந்தையர் புண்ணியத்துக்கு. அதன்பின் நீங்கள் தேடி வந்த இடம்: ‘ஸ்ரீ சாந்திநாத பிம்பம் காரிதம்’, அதாவது சாந்திநாதர் படிமம் செய்விக்கப்பட்டது. ‘பிம்பம்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து அதற்கு முன்னால் உள்ளதைப் படித்தால் நடுவில் இருப்பவரின் பெயர் கைக்கு வந்துவிடும். கடைசியாக ‘பிரதிஷ்டிதம்’, அதோடு துறவிக் குழுவின் பெயரும் (கரதர கச்சே, தபா கச்சே, அஞ்சல கச்சே போல) ஆச்சாரியர் பெயரும் ‘சூரிபிஹ்’ என்ற முடிவும் வரும். சில பொறிப்புகளில் ஊர்ப் பெயரோடு ‘வாஸ்தவ்ய’ இருக்கும். அது கொடையாளர் குடியிருந்த ஊர். வார்த்த ஊர் என்று எழுதிவிடாதீர்கள்.

வார்த்தவர் பெயர் கிடைப்பது அரிது. ராஜஸ்தானின் சிரோஹி மாவட்டத்து வசந்தகட் குவியலில் சம்வத் 744 என்று பொறித்த நிற்கும் படிமத்தில் சிவநாகன் என்ற சிற்பியின் பெயர் இருப்பது அதனால்தான் அவ்வளவு பேசப்படுகிறது. உங்கள் படிமத்தில் சிற்பி பெயர் இல்லையென்றால் தேடி நேரம் கெடுக்க வேண்டாம்.

5. சம்வத்தைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றுவது

‘57ஐக் கழி’ என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி நேரம்தான் சரி. இந்தப் பொறிப்புகளில் சம்வத் என்றால் விக்கிரம ஆண்டு. அது வடக்கே சைத்ர மாத வளர்பிறையிலும் குஜராத்தில் கார்த்திக மாத வளர்பிறையிலும் (தீபாவளிக்கு மறுநாள்) பிறக்கும். ஆகவே:

வட இந்தியக் கணக்கு என்றால் சைத்ர மாதத்திலிருந்து டிசம்பர் வரை 57ஐக் கழியுங்கள், ஜனவரியிலிருந்து ஆண்டு முடியும் வரை 56.

குஜராத்திக் கணக்கு என்றால் கார்த்திகத்திலிருந்து டிசம்பர் வரை 57, ஜனவரியிலிருந்து அடுத்த கார்த்திகம் வரை 56.

படிமப் பிரதிஷ்டைகள் வைசாகம், ஜ்யேஷ்டம், மாகம், பால்குனம் மாதங்களில் அதிகம் நடக்கும். வைசாக மாதத்துச் சம்வத் 1515 வட இந்தியக் கணக்கில் 1458, குஜராத்திக் கணக்கில் 1459. எது சரி என்று கிழமைதான் சொல்லும். இரண்டு ஆண்டுகளுக்கும் அந்தத் திதி எந்தக் கிழமையில் விழுகிறது என்று பஞ்சாங்கக் கணிப்பில் போட்டுப் பார்த்து, பொறிப்போடு பொருந்துவதை எடுங்கள். கிழமை தேய்ந்து போயிருந்தால் ‘1458/59’ என்று இரண்டையும் எழுதுங்கள்; நேர்மையான பதிவு அதுதான்.

‘வதி’ இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ராஜஸ்தானில் மாதம் பௌர்ணமியில் முடியும், குஜராத்தில் அமாவாசையில். ராஜஸ்தானில் ‘வைசாக வதி’ என்பது குஜராத்தில் ‘சைத்ர வதி’. ஒரு மாதம் தள்ளிப்போகும்.

எண்களில் 1உம் 9உம் தேய்ந்தால் ஒன்று போலத் தெரியும். நூற்றாண்டே மாறிவிடும் இடம் அது. அதே பொறிப்பில் திதியிலோ வேறு இடத்திலோ வரும் அதே எண்ணோடு ஒப்பிடுங்கள். ‘வீர சம்வத்’ என்று இருந்தால் அது மகாவீர நிர்வாண ஆண்டு. விக்கிரம ஆண்டோடு 470ஐக் கூட்டியது. சக ஆண்டு என்றால் 78ஐக் கூட்டுங்கள்.

6. பெயர் இல்லாவிட்டால் யாரென்று கண்டுபிடிப்பது

பீடத்தின் நடுவில் உள்ள அடையாளம், லாஞ்சனம், தேடுங்கள். ரிஷபருக்கு எருது, அஜிதருக்கு யானை, சம்பவருக்குக் குதிரை, சந்திரப்பிரபருக்குப் பிறை, வாசுபூஜ்யருக்கு எருமை, விமலருக்குப் பன்றி, சாந்திக்கு மான், குந்துவுக்கு ஆடு, மல்லிக்குக் கலசம், முனிசுவிரதருக்கு ஆமை, நேமிக்குச் சங்கு, பார்சுவருக்குப் பாம்பு, மகாவீரருக்குச் சிங்கம். அடிக்கடி எதிர்ப்படுபவை இவை. சில தீர்த்தங்கரர்களின் சின்னம் சமணத்தின் இரு பிரிவுகளான சுவேதாம்பரருக்கும் (வெள்ளாடைத் துறவியர்) திகம்பரருக்கும் (ஆடையற்ற துறவியர்) வேறு: அரநாதருக்குச் சுவேதாம்பரர் நந்தியாவர்த்தம் (விரிந்த சுவஸ்திகை போன்ற கோலம்) போடுவார்கள், திகம்பரர் மீன் போடுவார்கள். அனந்தருக்குச் சுவேதாம்பரரிடம் வல்லூறு, திகம்பரரிடம் கரடி.

இப்போது எல்லோரும் விழும் குழிகள்.

பீடத்தின் இரு முனைகளிலும் சிங்கங்கள் இருக்கும். அவை அரியணையின் கால்கள். எந்தத் தீர்த்தங்கரருக்கும் உண்டு. அதைப் பார்த்து மகாவீரர் என்று அட்டை எழுதியவர்கள் ஏராளம். மகாவீரரின் சிங்கம் நடுவில், தனியாக இருக்க வேண்டும்.

பீடத்தின் நடுவே சக்கரமும் இரு பக்கம் இரண்டு மான்களும் இருந்தால் அது தர்மசக்கரம், அறவுரையின் குறி. சாந்திநாதரின் மான் இல்லை.

பாம்புப் படம் இருந்தால் எண்ணுங்கள். ஏழு என்றால் பார்சுவர், ஐந்து என்றால் பெரும்பாலும் சுபார்சுவர். படங்கள் உடைந்திருந்தால் அடிக்காம்பை எண்ணுங்கள்.

தோளில் தொங்கும் முடி ரிஷபரின் அடையாளம். ஆனால் முற்கால மேற்கிந்தியச் சிற்பிகள் சில வேளை மற்றவர்களுக்கும் முடிக்கற்றை வைத்திருக்கிறார்கள். முடியை மட்டும் நம்பிப் பெயர் சொல்வதானால் ‘ரிஷபராக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்துங்கள். அகோட்டா காலத்தில் லாஞ்சனம் போடும் வழக்கம் ஊன்றவில்லை. சிறிய பஞ்சதீர்த்திகளிலும் அது விடுபட்டிருக்கும். அப்படிப்பட்டதற்கு ‘தீர்த்தங்கரர்’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

7. சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்

முக்குடை மூவுலகத் தலைமைக்கு. அதற்கு மேல் தெரியும் இலைகள், நம் பக்கத்துச் சமண நூல்கள் பிண்டி என்று பாடும் அசோக மரம். குடைக்கு மேலே ஒரு சிறு உருவம் முரசோ சங்கோ வைத்திருக்கும், தேவ துந்துபி. இரு பக்கமும் கலசத்தோடு யானைகள் வந்து நீராட்டும். தலைக்குப் பின் ஒளிவட்டம், பக்கத்தில் சாமரை, கீழே அரியணை. யானைகள் நீங்கலாக, எட்டுப் பிராதிகாரியங்கள் என்று சொல்லப்படும் சிறப்புகளில் உருவமாகக் காட்ட முடிந்தவை இவை. முழுஞானம் பெற்றபின் அவர் அறமுரைக்கும் அவையின் சுருக்கமாக முழுப் படிமத்தையும் பாருங்கள். சுற்றியுள்ள ஒவ்வொன்றும் இடம் பொருந்தி நிற்கும்.

பீடத்தின் இரு ஓரத்திலும் காவல் தெய்வங்களான இயக்கனும் இயக்கியும் இருப்பார்கள். நீங்கள் பார்க்கும்போது இடப்பக்கம் இயக்கன், வலப்பக்கம் இயக்கி. வரம் கேட்பது இவர்களிடம்தான். தீர்த்தங்கரர் எதையும் தருவதில்லை. அதனால்தான் அவருக்குக் கை அசைவே கிடையாது. மடியில் குழந்தை, கையில் மாங்கொத்து, கீழே சிங்கம் என்றால் அம்பிகை. பணப்பையோடு யானைமேல் இருப்பவர் சர்வானுபூதி. பிற்கால இலக்கணப்படி அம்பிகை நேமிநாதருக்கு உரியவள். ஆனால் முற்கால மேற்கிந்தியப் படிமங்களில் இந்த இணை எல்லாத் தீர்த்தங்கரருக்கும் வரும். அம்பிகையைப் பார்த்துவிட்டு நடுவில் இருப்பவர் நேமி என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. கருடன்மேல் சக்கரங்களோடு இருப்பவள் சக்கரேசுவரி, ரிஷபருக்கு. பாம்புக் குடையுடன் பத்மாவதி, பார்சுவருக்கு.

பீடத்தில் வரிசையாகச் சிறு தலைகள் இருந்தால் கிரகங்கள். ஒன்பதுக்குப் பதில் எட்டே இருந்தால் உடைந்துவிட்டது என்று பதறாதீர்கள். பழைய படிமங்களில் எட்டு வைப்பதும் வழக்கம். ஓரத்தில் கைகூப்பி மண்டியிட்டிருப்பது கொடையாளர்.

8. எந்தப் பிரிவு

நிற்கும் படிமத்தில் ஆடை தெரிந்தால் சுவேதாம்பரம், இல்லையென்றால் திகம்பரம். அமர்ந்த படிமத்தில் கணுக்கால்களுக்குக் கீழே ஆசனத்தின்மேல் துணி முனை மடிப்போடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், விழுந்திருந்தால் சுவேதாம்பரம். வெள்ளி பதித்த கண்களும் மேற்கிந்தியச் சுவேதாம்பரப் படிமங்களில் அதிகம். மிகப் பழையவற்றுக்கு இந்த அளவுகோல் செல்லாது, ஏனென்றால் ஆடையோடு காட்டும் வழக்கம் பிறகு வந்தது. அகோட்டாவின் ஆடை உடுத்த ரிஷபர் அந்த வழக்கத்தின் தொடக்க காலச் சான்றுகளில் ஒன்று. பொறிப்பில் ‘கச்ச’ மட்டும் வந்தால் பெரும்பாலும் சுவேதாம்பரம். ‘மூலசங்க’ (ஒரு திகம்பரத் துறவிச் சங்கம்) வந்தால், கூடவே ‘கச்ச’ இருந்தாலும், திகம்பரம். ‘பட்டாரக’ (மடத் தலைவர்) வந்தால் பெரும்பாலும் திகம்பரம்.

கிடைத்த இடத்தை வைத்துப் பிரிவையோ ஊரையோ முடிவு செய்யாதீர்கள். சம்வத் 1548இல் (1491) ஜீவராஜ் பாப்ரிவால் என்ற வணிகர் செய்வித்துப் பட்டாரகர் ஜினசந்திரர் பிரதிஷ்டை செய்த கல் படிமங்கள் வட இந்தியாவெங்கும் திகம்பரக் கோயில்களில் இன்றும் கிடைக்கின்றன. கல்லே அவ்வளவு தூரம் போயிருக்கிறது. கையில் அடங்கும் உலோகப் படிமம் எங்கேயும் போகும்.

தமிழகச் செப்புப் படிமங்களுக்கு இந்தக் குறிப்புகளை அப்படியே பொருத்தாதீர்கள். இங்கே அமர்ந்த தீர்த்தங்கரர் பெரும்பாலும் ஒரு காலை இன்னொன்றின்மேல் வைத்த அரைத் தாமரை இருப்பில் இருப்பார். ஸ்ரீவத்சம் இருந்தால் மார்பின் வலப்பக்கம், பல படிமங்களில் இருக்காது. முதுகில் குடும்ப வரலாறு எழுதும் வழக்கமும் இல்லை.

9. தேய்மானமும் போலியும்

உண்மையான தேய்மானத்துக்கு ஒரு முறை உண்டு. தினமும் சந்தனம் இடும் ஒன்பது இடங்கள் (கால் விரல், முழங்கால், கை, தோள், உச்சி, நெற்றி, கழுத்து, மார்பு, நாபி) முதலில் மழுங்கும். துடைக்க எட்டாத இடுக்குகளில் கூர்மை இருக்கும். எல்லா இடமும் ஒரே அளவில் மழுங்கியிருந்தாலோ, இடுக்குகளில் மட்டும் கறுப்பு பூசியது போல் இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

பொறிப்பை லென்ஸில் பாருங்கள். பழையது வார்த்தபின் உளியால் வெட்டியது. கோட்டின் ஓரம் கூர்மையாக, உலோகம் சற்று ஒதுங்கியிருக்கும். எழுத்தும் சேர்த்தே வார்த்திருந்தால் கோடு வழவழப்பாகக் குழிந்திருக்கும். பழைய படிமத்திலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் அது. உலோகம் குளிரும்போது சுருங்குவதால் நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறிதாகவும் இருக்கும். நடு உருவமும் சுற்றுச் சட்டமும் தனித்தனியாக வார்த்துப் பொருத்தியவை என்றால் இரண்டும் ஒரே படிமத்தைச் சேர்ந்தவைதானா என்று தேய்மானத்தை ஒப்பிடுங்கள். குடை போன படிமத்துக்கு வேறொன்றின் சட்டம் மாட்டுவது பழைய பழக்கம்.

புளி, எலுமிச்சை, பித்தளைப் பாலிஷ் எதுவும் கூடாது. வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது குளோரைடால் வரும் வெண்கல நோய். தண்ணீர் படாமல் உலர்ந்த இடத்தில் தனியாக வைத்து, அருங்காட்சியகப் பராமரிப்பாளரிடம் காட்டுங்கள்.

10. காகிதங்கள்

படிமம் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இந்தப் பகுதியைத் தள்ளிப்போடாதீர்கள். 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ள தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி (1972) நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உலோகச் சிற்பம் தொல்பொருள். அதை வைத்திருப்பவர் பதிவு அதிகாரியிடம் பதிந்து சான்று பெற வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; மரபுரிமையாக வந்தாலும் அப்படித்தான். விண்ணப்பத்துடன் முன், பின், இரு பக்கப் படங்கள், உயரம், அகலம், எடை, பொறிப்பின் வாசகம், எப்படிக் கிடைத்தது என்ற விவரம் தேவைப்படும். 4ஆம் படியில் எடுத்த முதுகுப் படம் இங்கே உதவும்: ஒரே அச்சுப் போன்ற நூறு பஞ்சதீர்த்திகளில் உங்களுடையதைத் தனியாக அடையாளம் காட்டுவது அதுதான். படப் பிரதிகள் எத்தனை வேண்டும் என்பதை அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொண்டு அச்சிடுங்கள்.

வாங்குகிறீர்கள் என்றால், விற்பவருக்குத் தொல்பொருள் வணிக உரிமமும் அந்தப் படிமத்துக்குப் பதிவுச் சான்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்றில் உள்ள படத்தைப் படிமத்தோடு நேரில் ஒப்பிடுங்கள். ஒரு படிமத்தின் சான்றைக் காட்டி இன்னொன்றை விற்பது நடக்கும். உரிமை மாறியதும் பதிவு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குத் தொல்பொருளைத் தனியார் கொண்டுபோக முடியாது. தண்டனை குறைந்தது ஆறு மாதம், கூடியது மூன்று ஆண்டு சிறை. புதிதாக வார்த்த படிமத்தைக் கொண்டுபோவதானால்கூட, பழமையானது இல்லை என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்குங்கள். கடைக்காரர் கொடுக்கும் ரசீதில் ‘புதியது’ என்று எழுதியிருப்பது சுங்க அதிகாரியிடம் செல்லாது. விமான டிக்கெட் போடும் முன் விண்ணப்பித்துவிடுங்கள்.

நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும்: பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் கண்டெடுத்தவருக்குச் சேர வேண்டிய பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. மண்ணைக் கழுவாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் வரும்வரை அப்படியே வையுங்கள்.